நந்தியாற்றங்கரையில் நாங்கள் அடைத்த உடைப்பு

நந்தியாற்றில் வேலை செய்ய வந்திருக்கும் உங்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படித்தவன் இல்லை. எட்டாம் வகுப்பில் பாதியில் பள்ளிக்கூடத்தைவிட்டு ஓடினேன். அரக்கோணம் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினேன். ரேணிகுண்டாவில் ஓட்டலில் தட்டு கழுவினேன். பிறகு ஒன்பது வருடம் போர்வெல் வண்டியில் குழாய் மாட்டுகிற ஆளாக ஆந்திரா, கர்நாடகா என்று சுற்றினேன். எந்த ஊரிலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்கியதில்லை. பூமியில் ஓட்டை போட்டுத் தண்ணீர் எடுத்தவன் ஆற்றைக் காப்பாற்ற வந்ததற்குப் பெரிய மனமாற்றம் எதுவும் காரணமில்லை. வலது கையில் இரண்டு விரல் போனது. இனி வண்டியில் வேண்டாம் என்றார்கள். திருத்தணிக்குத் திரும்பினேன். அப்போதுதான் ஆற்றைச் சீரமைக்க ஒரு குழு ஆரம்பித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து போகிறவர்கள் நிறைய இருந்தார்கள். திங்கள் முதல் சனி வரை ஆற்றில் நிற்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. நான் நின்றேன். பதினொரு வருடம் நின்றேன்.

சீமைக்கருவேலத்தை எப்படி வேரோடு எடுப்பது, பனை விதையை எந்த மாதத்தில் ஊன்றுவது என்பதையெல்லாம் உங்களுக்கு வேறு யாராவது சொல்லித் தருவார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார்கள். நான் செய்த தப்பைச் சொல்ல மட்டும் வேறு ஆள் இல்லை.

அதற்கு முன்னால் பாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரக்கோணத்தில் டீசல் பம்பு, ஜெனரேட்டர் பழுது பார்க்கிற மெக்கானிக். தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். எங்கள் குழுவில் அவர் உறுப்பினர் இல்லை. பம்பு ரிப்பேர் என்று கூப்பிட்டால் வருவார், வந்த இடத்தில் நாள் முழுக்க நிற்பார்.

ஆடிக் கிருத்திகைக்கு மொட்டை போட்டுவிட்டு ஆற்றில் குளிக்கிற சனம் கட்டியிருந்த துணியைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுப் போகும். ஒவ்வொரு வருடமும் அதை வாரி எடுப்பதற்குள் எங்கள் இடுப்பு ஒடிந்துவிடும். ஈரத் துணியின் கனம் தூக்கிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். ஒரு வருடம் படித்துறை ஓரம் நாலு பெரிய தொட்டி வைத்து, ‘துணிகளை இங்கே போடவும்’ என்று எழுதினோம். ஒருவர்கூடப் போடவில்லை. நான் ஒலிபெருக்கியில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. பாய் பம்பைக் கழற்றிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

“நைனா, அவுங்க துணிய இன்னாத்துக்கு வுடறாங்க?”

“பீடை போவுதுன்னு தண்ணியில வுடறாங்க.”

“ஆங். தண்ணியில வுடணும்னு அம்மாந் தூரத்துலருந்து வந்துகினு இருக்காங்க. நீ காலித் தொட்டிய வெச்சிகினு கத்துறே. தொட்டியில தண்ணிய ஊத்து.”

ஊத்தினோம். மத்தியானத்துக்குள் நாலு தொட்டியும் நிரம்பிவிட்டது. அன்றைக்கு நான் என்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டேன். கேட்டு வேலை செய்கிற வித்தை எனக்கு வந்துவிட்டது என்று நம்பினேன். வரவில்லை. இனி சொல்லப்போவது அதற்கு இரண்டு வருடம் கழித்து நடந்தது.

ஆற்றின் கீழ்க்கரையில் இருளர் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. அப்போது ஏழு வீடு. அந்தப் பக்கம் கரையில் ஒரு லாரி நுழைகிற அகலத்துக்கு உடைப்பு இருந்தது. அதில் லாரிச் சக்கரத் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. மணல் திருட வந்தவர்கள் கரையை வெட்டி வழி செய்திருக்கிறார்கள் என்று நாங்கள் முடிவு செய்தோம். தடம் இருந்ததால் வேறு எதையும் யோசிக்கவில்லை. அந்த உடைப்பை அடைத்துவிட்டால் மணல் வண்டியும் நிற்கும், வெள்ளம் வந்தால் குடியிருப்பும் பிழைக்கும் என்று திட்டம் போட்டோம். எங்கள் செயலாளர் திருத்தணியில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர். கெட்டவர் இல்லை. செடிகளை ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் அடுக்கிக்கொண்டு, காலை அகட்டி ஓட்டி வருவார். அவர்தான் எங்கெங்கோ அலைந்து அதற்கு அனுமதி வாங்கினார்.

வாரநாட்களில் மண் சுமக்கக் குடியிருப்பிலிருந்தே ஆட்கள் வந்தார்கள். அதில் கன்னியம்மா ஒருத்தி. சின்ன வயதிலிருந்து செங்கல் சூளையில் கிடந்தவள். சூளையைவிட்டு வெளியே வந்து, அந்த ஏழு வீட்டில் கடைசி வீட்டைத் தானும் புருஷனுமாகக் கட்டியிருந்தாள். மண் சுவர், ஓலைக் கூரை, அதன்மேல் தார்ப்பாய். கதவு மட்டும் நல்ல மரக் கதவு. பூட்டு போடுகிற கதவு. சூளையில் குடிசைக்குக் கதவு கிடையாது, மேஸ்திரி எப்போது வேண்டுமானாலும் தலையை நீட்டுவான், அதனால்தான் முதலில் கதவு வாங்கிவிட்டுப் பிறகு சுவர் வைத்தேன் என்று ஒரு நாள் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

கரை பாதி உயர்ந்திருந்தபோது, தலையிலிருந்து மண் பாண்டை இறக்கிவிட்டு என்னிடம் கேட்டாள்.

“அண்ணா, இத்த அடைச்சிட்டா தண்ணி எங்க போவும்?”

“ஆத்துத் தண்ணி ஆத்துலயே போவும் கன்னிம்மா. உங்க பக்கம் வராது. அதுக்குத்தான அடைக்கிறோம்.”

“ஆத்துத் தண்ணி இல்லண்ணா…”

அதற்குள் அங்கே நின்றிருந்த செயலாளர், “இன்னா கன்னிம்மா, மணல் லாரிக்காரன் டீ வாங்கிக் குடுத்துகினு இருந்தானா? வழிய அடைக்க மனசு வரலியா?” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளும் சிரித்துவிட்டுப் பாண்டைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அவள் சொல்ல வந்ததை முடிக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. சாயங்காலம் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. அவளும் திரும்பச் சொல்லவில்லை. நான் குழுவின் பச்சை பனியனும் தொப்பியும் போட்டிருந்தேன். அதைப் போட்டவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கரை அழகாக வந்தது. வெட்டிவேர் நட்டோம். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து பனை விதை ஊன்றினோம். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய அதிகாரி ஒருவர் வந்து கரையில் வைத்த பலகையைத் திறப்பதாக ஏற்பாடாகியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கு முந்தைய புதன்கிழமை மழை பிடித்தது. கடலில் புயல் சின்னம். இரண்டு நாள் விடாமல் பெய்தது. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு கரையைப் பார்க்கப் போனேன். ஆற்றில் செம்மண் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை வருடத்தில் நந்தியாற்றில் அவ்வளவு தண்ணீரை நான் பார்த்ததில்லை. கரை ஒரு கட்டி மண்கூட உதிராமல் நின்றது. போனில் படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பினேன். உடனே கைதட்டுகிற படங்களாக வந்து விழுந்தன. அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்க்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

ஆற்றுப் பக்கம் தண்ணீர் கரையில் பாதிக்கும் கீழே இருந்தது. குடியிருப்புப் பக்கம் அதைவிட உயரமாக நின்றது.

நான் சொல்வது புரிகிறதா? குடியிருப்புக்குப் பின்னால் ஏரி. ஏரி நிரம்பி, கோடி என்கிற கலங்கல் வழிந்தால் அந்தத் தண்ணீரும், கழனிகளில் விழுந்த மழையும் அந்தப் பள்ளத்தில்தான் இறங்கும். அது ஆற்றில் சேருவதற்கு இருந்த ஒரே வழி அந்த உடைப்பு. லாரிக்காரன் அதை வெட்டவில்லை. இருந்த வழியில் லாரியை விட்டான், அவ்வளவுதான். குடியிருப்பை ஆற்றிடமிருந்து காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, ஏரித் தண்ணீரை அவர்கள் வாசலில் தேக்கி வைத்திருந்தோம்.

மேட்டில் இருந்த ஆறு வீடுகளின் படிக்குத் தண்ணீர் வந்திருந்தது. கன்னியம்மாவின் வீடு பள்ளத்தில் இருந்தது. அங்கே சுவரில் ஒரு முழம் ஏறியிருந்தது. அவள் ஆட்டையும் மூட்டையையும் மேட்டில் ஏற்றிவிட்டு, கரையோரத்தில் இடுப்பு வரை இருந்த தண்ணீரில் என்னைப் பார்த்து வந்தாள்.

“அண்ணா, வெட்டுண்ணா. மண் சொவருண்ணா. ஊறிச்சின்னா நிக்காது.”

மண்வெட்டி என் கையில் இருந்தது. நான் போனை எடுத்தேன்.

செயலாளர் சொன்னார்: “வெட்டிடாதப்பா. நாளன்னிக்கு அதிகாரி வர்றாரு. நாமளே கட்டி நாமளே வெட்டுனோம்னா இனிமே எவன் நமக்கு அனுமதி குடுப்பான்? ஆறும் மேல வந்துகினு இருக்குதுன்றாங்க. வெட்டுன எடத்துல ஆத்துத் தண்ணி உள்ள பூந்துட்டா ஏழு வீடும் போயிடும். எஞ்சினியர் ஒருத்தரக் கேட்டுட்டுச் சொல்றேன். இரு.”

அதில் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் சிக்கல். முழுக்க அநியாயமாக இருந்திருந்தால் நான் அப்போதே வெட்டியிருப்பேன். ஆனால் ஆறு பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். செயலாளர் திருத்தணியில் கடையில் இருந்தார். எஞ்சினியர் சென்னையில் இருந்தார். தண்ணீர் பக்கத்தில் நின்றவன் நான். ஆனாலும் அவர் ‘இரு’ என்றார், நான் இருந்தேன்.

கன்னியம்மா இன்னும் இரண்டு தரம் வந்து கேட்டாள். “கேட்டுட்டிருக்காங்க, இரு” என்றேன். அதற்கப்புறம் அவள் என்னிடம் வரவில்லை. வெறும் கையால் கரையைப் பிறாண்ட ஆரம்பித்தாள். நாங்கள் அந்தக் கரையைத் தண்ணீர் ஊற்றி ஊற்றி இடித்துக் கெட்டிப்படுத்தியிருந்தோம். ஒரு பிடி மண்கூட வரவில்லை. “விரல் போயிடும் கன்னிம்மா, வுடு” என்று நான் சொன்னேன். அதைச் சொன்னதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

எஞ்சினியர் போன் எடுக்கவில்லை. செயலாளர் வேறொரு வழி கண்டுபிடித்தார். டீசல் பம்பு வைத்துத் தண்ணீரைக் கரைக்கு மேலாக இறைத்து ஆற்றில் விட்டுவிடலாம், கரையும் பிழைக்கும் என்று பாயை அனுப்பினார். பாய் அந்த மழையில் குட்டியானை வண்டியில் பம்பை ஏற்றிக்கொண்டு அரக்கோணத்திலிருந்து வந்து சேர்ந்தார். கரைமேல் ஏறினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

“ஏரியே எறங்கி வந்துகினு இருக்குது. இத்த நான் பம்புல எறைக்கணுமா? எவன் சொன்னது?”

“செயலாளரு. எஞ்சினியரக் கேட்டுகினு இருக்காரு பாய். அவரு சொல்லட்டும்னு…”

“தண்ணி யாரக் கேட்டுகினு வந்துச்சி?” என்றார். “குடு அத்த.”

என் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கினார். அறுபது வயதுக்காரர். நாலு வெட்டு வெட்டியதும் மூச்சு வாங்கியது. அப்புறம்தான் எனக்குக் கை வந்தது. குடியிருப்பு ஆட்கள் கடப்பாரை கொண்டுவந்தார்கள். ஒரு சாண் அகலம் வெட்டியதும் மிச்சத்தைத் தண்ணீரே வெட்டிக்கொண்டது. வெட்டிவேர், பனை விதை எல்லாம் ஆற்றில் போயின. அரை மணி நேரத்தில் குடியிருப்புப் பக்கம் தரை தெரிய ஆரம்பித்தது. ஆற்றுத் தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை.

எல்லோரும் கத்தினார்கள். ஒருவன் என்னைக் கட்டிக்கொண்டான். கன்னியம்மாவின் வீடும் நின்றுகொண்டிருந்தது. நான் அவளைப் பார்த்து, “பாத்தியா, ஒண்ணும் ஆவல” என்றேன்.

அவள் வீட்டுக்குள் போகவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு தள்ளி நின்றாள். மண் சுவர் தண்ணீர் சூழ்ந்திருக்கும்போது நின்றுவிடும், தண்ணீர் இறங்கிய பிறகுதான் விழும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சூளையில் சுடாத பச்சைக் கல் அடுக்கிப் பழகியவள். பத்து நிமிடம் இருக்கும். பின்பக்கச் சுவர் முதலில் உட்கார்ந்தது. அப்புறம் கூரை. பெரிய சத்தம்கூட வரவில்லை. முன்பக்கத்தில் நிலைவாசலும் பூட்டின கதவும் மட்டும் சாய்ந்துகொண்டு நின்றன.

இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். பூட்டைத் திறந்தாள். புருஷனைக் கூப்பிட்டுக் கதவைக் கீலோடு கழற்றி மேட்டுக்குத் தூக்கிப் போனாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

என் போனைப் பார்த்தேன். செயலாளரை நான் முதலில் கூப்பிட்டதிலிருந்து பாய் வந்து சேர்ந்தது வரை ஒன்றே முக்கால் மணி நேரம். அப்போதே வெட்டியிருந்தால் வீடு நின்றிருக்குமா என்று பிறகு பாயிடம் கேட்டேன். “நின்னிருக்கலாம். நிக்காமலும் போயிருக்கலாம். அத்தக் கேட்டு நீ இன்னா பண்ணப் போறே?” என்றார்.

அதிகாரி வரவில்லை. மழையால் ஒத்திவைத்தார்கள். வீடு ஆற்றுப் புறம்போக்கில் இருந்ததால் நிவாரணப் பட்டியலில் கன்னியம்மாவின் பெயர் ஏறவில்லை. மூன்று தரம் அவளை அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். பட்டா எங்கே என்றார்கள். தை பிறந்ததும் கனகம்மாசத்திரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற சூளையிலிருந்து டிராக்டர் வந்தது. புருஷனும் அவளும் சட்டி பானையையும் ஆட்டையும் ஏற்றினார்கள். கதவையும் ஏற்றினார்கள்.

கரையில் வெட்டிய இடத்தில் சிமெண்ட் குழாய் பதித்தோம். இப்போது நீங்கள் பார்க்கிற குழாய் அதுதான். அதற்குச் செயலாளர்தான் ஓடியாடினார். அவரும் மனது நொந்துதான் இருந்தார். ஆனால் அந்த நாளைப் பற்றிக் குழுவில் யாரும் வாய் திறந்து பேசவில்லை. எங்கள் ஆண்டறிக்கையில் ‘கனமழையின்போது துரிதமாகச் செயல்பட்டு உபரி நீர் வெளியேற்றப்பட்டது’ என்று ஒரு வரி வந்தது. அதைப் படித்துக் காட்டியபோது நானும் கைதட்டினேன்.

அடுத்த ஆடியில் மரம் நடுகிற பட்டியல் வந்தது. கீழ்க்கரையில் குழாயை ஒட்டி ‘காலியிடம், ஒன்பது கன்று’ என்று போட்டிருந்தது. ஒருவருடைய பிறந்தநாளுக்கு அவர் பிள்ளைகள் கொடுக்கிற கன்றுகள். அந்தக் காலியிடம் எது என்று எனக்குத் தெரியும். விழுந்த சுவர் மழையில் கரைந்து ஒரு மேடாகியிருந்தது. இளகின மண், குழி சுலபமாக இறங்கியது. ஒன்பது குழியையும் நான்தான் தோண்டினேன். சும்மா கிடப்பதற்கு நிழலாவது இருக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கம்பிக் கூண்டு வைத்தோம். கூண்டில் பெயர்ப் பலகை மாட்டினோம்.

அந்த மாதக் கடைசியில் கன்னியம்மாவைப் பார்க்கச் சூளைக்குப் போனேன். குழாய் போட்டாயிற்று, இனிப் பயமில்லை, திரும்பி வந்துவிடு என்று சொல்லத்தான் போனேன். அவள் கல் அறுத்துக்கொண்டிருந்தாள். மண்ணை அச்சில் அடித்துக் கவிழ்த்தபடியே பேசினாள். கையை நிறுத்தவில்லை.

“கொழா போட்டீங்களா? பெரிய கொழாவா?”

“ஆள் நொழையலாம். அவ்ளோ பெருசு.”

“நல்லது. மத்த ஆறு வூடு இருக்குதில்ல.”

“நீயும் வந்துடு கன்னிம்மா. வேலைக்கு நான் சொல்றேன்.”

நாலைந்து கல் கவிழ்த்தாள்.

“எங்க வூட்டு எடத்துல செடி வெச்சிட்டீங்களாமே. மேட்டு வூட்டுல இருக்கற தங்கச்சி போன்ல சொல்லுச்சி.”

“ஆங்.”

“இன்னா செடிண்ணா?”

“புங்கன்.”

“புங்கனா?” என்றாள். “நல்லா நெழலு குடுக்கும்.”

கிண்டலாகச் சொன்னாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. அவள் உண்மையாகத்தான் சொன்னாள். அந்த இடம் இனி தனக்கில்லை என்று முடிவு செய்துவிட்டவள், அங்கே நல்ல மரமாக வருகிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். அந்த முடிவை அவளுக்கு எடுத்துக் கொடுத்தது மழை இல்லை. நான் தோண்டிய ஒன்பது குழி.

பஸ் ஏறித் திருத்தணிக்கு வந்து, வீட்டுக்குப் போகாமல் நேராகக் கீழ்க்கரைக்குப் போனேன். ஒன்பது கன்றையும் வேர் அறாமல் பிடுங்கி, ஈரச் சாக்கில் சுற்றி, மேல்கரையில் கொண்டுபோய் நட்டேன். கூண்டுகளையும் பலகைகளையும் குழுவின் அறை வாசலில் அடுக்கி வைத்தேன். மறுநாள் கூட்டம் போட்டார்கள். நான் காரணத்தைச் சொன்னேன். செயலாளர், “நட்ட செடியப் பிடுங்குற ஆள ஆத்து வேலையில எப்பிடிப்பா வெச்சிக்கிறது?” என்றார். அந்தக் கேள்வியில் தப்பில்லை. அன்றோடு என் வேலை முடிந்தது. மேல்கரையில் வைத்ததில் ஐந்து கன்று பிழைத்தது.

இப்போது வேலைக்கு வந்திருக்கிறீர்கள். உங்களிடமும் பட்டியல் கொடுப்பார்கள். கீழ்க்கரையில் சிமெண்ட் குழாய்க்கு இடப்பக்கம் ஒரு தாழ்ந்த மண்மேடு இருக்கும். புல்கூட ஒழுங்காக முளைக்காது. சுற்றிலும் மரம் வந்துவிட்டதால் அது மட்டும் வெறுமையாகக் கண்ணை உறுத்தும். படம் எடுத்தால் அசிங்கமாக விழும். பட்டியலில் ‘காலியிடம்’ என்றுதான் போட்டிருக்கும்.

கன்னியம்மா இன்னும் வரவில்லை. அங்கே எதையும் நட்டுவிடாதீர்கள்.